சுங்கவரியும் மனித உரிமையும்: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் சுங்கவரி அட்டவணையில் பருத்தி டி-சர்ட்டுக்கு உரிய இடத்தைத் தேடிப் பார்த்தால், ஒரே சட்டைக்கு நேராக இரண்டு வரி விகிதங்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். முதல் பத்தியில் 16.5 சதவீதம்; இரண்டாம் பத்தியில் 90 சதவீதம். 10 டாலர் மதிப்புள்ள சட்டை முதல் பத்தியின்படி துறைமுகத்தில் இறங்கினால் இறக்குமதியாளர் கட்ட வேண்டியது 1 டாலர் 65 சென்ட். இரண்டாம் பத்தியின்படி இறங்கினால் 9 டாலர். பஞ்சிலோ நூலிலோ தையலிலோ எந்த வேறுபாடும் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டை எந்த நாட்டிலிருந்து வந்தது, அந்த நாட்டுக்கு அமெரிக்கா என்ன வணிக அந்தஸ்தை அளித்திருக்கிறது என்பது மட்டுமே இந்த ஏழு டாலர் சொச்சத்தைத் தீர்மானிக்கிறது. அண்மை ஆண்டுகளில் அவ்வப்போது விதிக்கப்படும் கூடுதல் வரிகள் இவற்றின் மேல் தனியே சேர்பவை; அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

ஒரு நாட்டை முதல் பத்தியில் வைப்பதா, இரண்டாம் பத்தியில் வைப்பதா என்ற முடிவை, அந்நாட்டு அரசு தன் குடிமக்களை எப்படி நடத்துகிறது என்பதோடு கட்டிவிட முடியுமா? முடியும் என்று அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் சொன்னது. அதே எண்ணம் பின்னர் வேறு வடிவங்களில் ஐரோப்பாவிலும் சட்டமாயிற்று. இலங்கை பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தச் சட்டங்கள் எப்படி இயங்குகின்றன, எங்கே பலித்தன, எங்கே தோற்றன என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

பெயர் ஒன்று, பொருள் வேறு

'மிகவும் விருப்பமான நாடு' என்ற சொற்றொடரைச் செய்தித்தாள்களில் படித்திருப்போம். பெயரைக் கேட்டால் ஏதோ நெருங்கிய நண்பனுக்குக் கொடுக்கும் தனிச் சலுகை என்று தோன்றும். உண்மையில் யாருக்கும் தனிச் சலுகை கிடையாது என்பதே அதன் பொருள். 1947இல் கையெழுத்தாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த, சுங்கவரியும் வணிகமும் பற்றிய பன்னாட்டுப் பொது உடன்பாடான காட் ஒப்பந்தத்தின் முதல் விதியே இதுதான்: உறுப்பு நாடு ஒன்று ஒரு பொருளுக்கு எந்த நாட்டுக்காவது வரியைக் குறைத்தால், அந்தக் குறைந்த வரியை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் நிபந்தனையின்றி அளிக்க வேண்டும். இன்றைய உலக வர்த்தக அமைப்பின் அடித்தளமும் இந்த விதியே. ஏறத்தாழ எல்லா நாடுகளும் பெறுகிற ஒன்றுக்கு 'மிகவும் விருப்பமான' என்ற பெயர் குழப்பத்தையே தருகிறது என்பதால், அமெரிக்கா 1998இல் தன் சட்டங்களில் அதை 'இயல்பான வணிக உறவு' என்று மாற்றிக்கொண்டது. இந்தப் புதுப்பெயர் நேர்மையானது. இயல்பானது எல்லாருக்கும் கிடைக்கும். அது மறுக்கப்படுவதுதான் தண்டனை.

அப்படியானால் இரண்டாம் பத்தியில் உள்ள அந்த 90 சதவீதம் எங்கிருந்து வந்தது? பெரும் பொருளாதார மந்தத்தின் தொடக்கத்தில், 1930இல், உள்நாட்டு உற்பத்தியாளர்களைக் காப்பதற்காக அமெரிக்கா இயற்றிய ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தின் எச்சம் அது. அதற்குப் பின் வந்த ஒப்பந்தங்கள் மற்ற நாடுகளுக்கு வரியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தன. அந்த ஒப்பந்தங்களுக்கு வெளியே நிற்கும் நாட்டுக்கோ 1930ஆம் ஆண்டின் வரி அப்படியே நிற்கிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1951இல், சோவியத் ஒன்றியத்திடமிருந்தும் பெரும்பாலான கம்யூனிஸ்ட் நாடுகளிடமிருந்தும் இயல்பான அந்தஸ்தை அமெரிக்கா பறித்தது. அப்போது காரணம் பனிப்போர். மனித உரிமை என்ற பேச்சு அதில் இல்லை. ஆனால் பூட்டு அப்போதே மாட்டப்பட்டுவிட்டது. சாவியை எந்த விலைக்குக் கொடுப்பது என்ற கேள்வி இருபது ஆண்டுகள் கழித்து எழுந்தது.

வெளியேற விரும்பியவர்களுக்கு ஒரு வரி

1970களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேற விரும்பிய ஒரு யூதக் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதலில் இஸ்ரேலில் இருக்கும் உறவினர் ஒருவரிடமிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். அதைக் கேட்ட கணமே நாட்டைவிட்டுப் போக நினைக்கிறார் என்பது மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும். பலருக்கு வேலை போனது அந்த இடத்தில்தான். பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுடைய எழுத்துவழி ஒப்புதலும் வேண்டும். இவ்வளவையும் திரட்டிக்கொண்டு 'ஓவிர்' எனப்பட்ட விசா அலுவலகத்தில் கொடுத்தால், மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுப்பு வரும்; பெரும்பாலும் அரசு ரகசியம் அறிந்தவர் என்று ஒற்றைக் காரணம் சொல்லப்படும். வேலை இல்லாமல் இருப்பதே அங்கே 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்ற குற்றம் ஆதலால், பொறியாளர்களும் கணிதப் பேராசிரியர்களும் இரவுக் காவலர்களாகவும் கொதிகலன் பார்ப்பவர்களாகவும் காலம் தள்ளினார்கள். 'மறுக்கப்பட்டவர்கள்' என்பதே அவர்களுக்குப் பெயராயிற்று.

1972 ஆகஸ்டில் இதன் மேல் இன்னொரு சுமை ஏற்றப்பட்டது. உயர்கல்வி பெற்ற ஒருவர் வெளியேற வேண்டுமானால், அரசு அவருடைய படிப்புக்குச் செலவழித்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. பட்டத்துக்கு ஏற்பத் தொகை உயர்ந்தது. பலருக்கு அது பல ஆண்டுச் சம்பளம். படித்தவர்களை விலைச்சீட்டு ஒட்டி நிறுத்திவைப்பதற்கு இது சமம் என்று உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் நிக்சனின் அரசு சோவியத் ஒன்றியத்துடன் ஒரு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கடனில் 72.2 கோடி டாலரை சோவியத் திருப்பித் தரும்; அமெரிக்கா இயல்பான வணிக அந்தஸ்தை வழங்கும். அந்தஸ்து வழங்கும் அதிகாரமோ அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கையில் இருந்தது.

வாஷிங்டன் மாநில செனட்டர் ஹென்றி ஜாக்சனும், ஒஹாயோவைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் சார்லஸ் வானிக்கும் இந்த இடத்தில்தான் குறுக்கே நின்றார்கள். குடிமக்களை வெளியே விடாத நாட்டுக்கு இந்த அந்தஸ்து இல்லை என்ற திருத்தத்தை அவர்கள் முன்வைத்தார்கள். நிக்சனுக்கும் அவருடைய வெளியுறவுக் கொள்கையை வழிநடத்திய ஹென்றி கிசிங்கருக்கும் இது சற்றும் பிடிக்கவில்லை. அமைதியாகப் பேசினால் கிடைப்பது, மேடை போட்டு மிரட்டினால் கிடைக்காது என்பது கிசிங்கரின் வாதம். அதற்கு மறுமொழி மாஸ்கோவிலிருந்தே வந்தது. இயற்பியலாளர் ஆந்திரேய் சாகரவ் 1973 செப்டம்பரில் அமெரிக்க காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல் எழுதித் திருத்தத்தை ஆதரிக்கும்படி கேட்டுக்கொண்டார். அதிகாரத்தின் பிடிக்குள் வாழ்ந்துகொண்டே அந்த அதிகாரத்துக்கு எதிரான சட்டத்தை வெளிப்படையாகக் கேட்ட அந்த மடலின் துணிச்சலை இன்றும் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. 1974 டிசம்பரில் செனட்டில் திருத்தத்துக்கு ஆதரவாக 88 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றுகூட இல்லை. 1975 ஜனவரி 3ஆம் நாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட, 1974ஆம் ஆண்டின் வணிகச் சட்டத்தில் 402ஆம் பிரிவாக அது நிலைபெற்றது. உலகம் அதை ஜாக்சன்-வானிக் திருத்தம் என்று அழைக்கிறது.

சட்டம் சொல்வது என்ன

அடிப்படை மனித உரிமைகளில் அமெரிக்காவுக்குள்ள பற்றை உறுதிசெய்வதற்காக என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. ஆனால் உள்ளே போனால் அது கேட்பது ஒரே ஒரு உரிமையைத்தான். சந்தைப் பொருளாதாரம் அல்லாத ஒரு நாடு தன் குடிமக்களுக்கு வெளியேறும் உரிமையை மறுத்தாலோ, வெளியேறுவதற்கோ அதற்கான ஆவணங்களுக்கோ பெயரளவுக்கு மேல் வரி விதித்தாலோ, வெளியேற விரும்பியதற்காக ஒருவர்மீது வரியோ தண்டமோ கட்டணமோ சுமத்தினாலோ, அந்த நாட்டுக்கு இயல்பான வணிக அந்தஸ்து கிடையாது. அமெரிக்க அரசுக் கடனும் கடன் உத்தரவாதமும் கிடையாது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றியோ, சித்திரவதை பற்றியோ, தேர்தல் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

இது குறைபாடு போலத் தோன்றலாம். முதல் வாசிப்பில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வெளியேறும் உரிமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எந்த நாட்டிலிருந்தும், தன் சொந்த நாடு உட்பட, வெளியேற எவருக்கும் உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த உரிமையை எண்ண முடியும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் விமானம் ஏறினார்கள் என்பது ஒரு எண். மனித உரிமைச் சூழல் மேம்பட்டிருக்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் எந்த அரசும் ஆம் என்று பதில் எழுதி அனுப்பிவிடலாம். இந்த ஆண்டு எத்தனை பேரை விட்டீர்கள் என்ற கேள்விக்கு அப்படி எழுத முடியாது. சட்டம் குறுகலாக இருந்தது. அதனாலேயே அதற்குக் கூர்மை இருந்தது.

இன்னொரு உறுப்பையும் கவனிக்க வேண்டும். முழுத் தடை மட்டும் இருந்திருந்தால் பேரம் பேச ஒன்றும் இருந்திருக்காது. அதனால் அதிபருக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் தரப்பட்டது: விலக்கு அளித்தால் அந்த நாடு தாராளமாக மக்களை வெளியே விடும் என்று நம்பக் காரணமும் உறுதிமொழியும் இருந்தால், தடையை அவர் தள்ளிவைக்கலாம். அந்த விலக்கு ஓர் ஆண்டுக்கு மட்டுமே. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3ஆம் நாளுக்குள் அவர் அதைப் புதுப்பிக்கக் கோர வேண்டும். காங்கிரஸ் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரலாம். இந்த ஆண்டுக் கெடுதான் சட்டத்தின் இதயம் என்று நினைக்கிறேன். அது ஒரு முறை கொடுத்து மறந்துவிடும் சலுகையை, ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கப்படும் ஒன்றாக மாற்றியது.

பலித்ததா?

எளிமையான பதில் இல்லை. கல்விக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் ஆணை 1973 வசந்தத்திலேயே நடைமுறையில் கைவிடப்பட்டது. அப்போது திருத்தம் சட்டமாகவே இல்லை. சட்டமாகிவிடும் என்ற அச்சம் மட்டுமே இருந்தது. 1973இல் ஏறத்தாழ 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். சட்டம் நிறைவேறிய பிறகு 1975இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 13,000 ஆகச் சரிந்தது.

இடையில் நடந்தது கவனிக்கத்தக்கது. 1974 அக்டோபரில் கிசிங்கருக்கும் ஜாக்சனுக்கும் இடையே கடிதங்கள் பரிமாறப்பட்டன; சோவியத் தரப்பு மறைமுகமாகச் சில உறுதிகளைத் தந்திருப்பதாக அவற்றிலிருந்து புரிந்துகொள்ளலாம். அன்றே ஜாக்சன் வெள்ளை மாளிகையில் செய்தியாளர்கள் முன் நின்று, ஆண்டுக்கு 60,000 பேர் என்ற அளவுகோலையும் சேர்த்து அறிவித்தார். தன் உள்நாட்டு விவகாரத்தில் தலைகுனிந்ததாக உலகம் பார்ப்பதை மாஸ்கோவால் ஏற்க முடியவில்லை. அப்படி எந்த உறுதியும் தரவில்லை என்று வெளியுறவு அமைச்சர் க்ரோமிக்கோ மறுத்தார். 1975 ஜனவரியில் 1972ஆம் ஆண்டின் வணிக ஒப்பந்தத்தையே சோவியத் ஒன்றியம் நிராகரித்தது. கடன் வரம்பும் அதற்கு ஒரு காரணம். சைபீரிய எரிவாயுத் திட்டங்களுக்குப் பெருங்கடன் எதிர்பார்த்தவர்களுக்கு, அதே வேளையில் வந்த வேறொரு சட்டத் திருத்தம் நான்கு ஆண்டுகளுக்கு வெறும் 30 கோடி டாலர் என்று வரம்பு கட்டியது. கச்சா எண்ணெய்க்கு இரண்டாம் பத்தியிலும் பீப்பாய்க்கு 21 சென்ட்தான் வரி என்பதை நினைவில் கொண்டால், மூலப்பொருள் விற்கும் நாட்டுக்கு வரியைவிடக் கடனே பெரிய இரை என்பது விளங்கும். அந்த இரை சுருங்கியபின் தலைகுனிவுக்கு ஈடாக எதுவும் மிஞ்சவில்லை.

பின்னர் 1979இல் எண்ணிக்கை 51,000ஐத் தொட்டது. அந்த ஆண்டிலும் சோவியத்துக்கு அந்தஸ்து மறுக்கப்பட்டே இருந்தது. ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமும் வணிகமும் கைகூடும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பின் நம்பிக்கை போயிற்று. 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேர் என்ற அளவுக்கு வாசல் மூடிக்கொண்டது. கோர்பச்சேவ் காலத்தில்தான் அது உண்மையாகத் திறந்தது. இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது: ஏதோ கிடைக்கும் அல்லது ஏதோ போய்விடும் என்ற நிலை இருந்த ஆண்டுகளில் மக்கள் வெளியே வந்தார்கள், இரண்டும் இல்லாத ஆண்டுகளில் வரவில்லை. தண்டனையை நிறைவேற்றிவிட்ட பிறகு தண்டிக்கப்பட்டவனிடம் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ருமேனியாவின் கதை இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. 1975இல் இந்தச் சட்டத்தின் கீழ் முதன்முதலில் விலக்குப் பெற்ற நாடு அதுதான். 1982 நவம்பரில் சௌஷெஸ்குவின் அரசும், வெளியேறுபவர்கள் கல்விச் செலவை அந்நியச் செலாவணியில் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தஸ்தை ரத்து செய்யப்போவதாக அதிபர் ரீகன் அடுத்த ஆண்டு மார்ச்சில் நாள் குறித்து அறிவித்தார். சில வாரங்களில் ருமேனியா பணிந்தது. அந்தக் கட்டணம் வசூலிக்கப்படவில்லை, அந்தஸ்தும் நீடித்தது. கையில் இருப்பதை இழக்கும் அச்சம் இங்கே வேலை செய்தது. ஆனால் குறுகலான சட்டத்தின் விலையும் இங்கேதான் தெரிகிறது. வெளியேறும் எண்ணிக்கை சரியாக இருந்ததால், உள்ளே மக்கள் பட்ட பாடு ஆண்டுக்கு ஆண்டு கணக்கில் வராமலே போயிற்று. ரகசியக் காவல் துறையின் கண்காணிப்புக்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பெயரும் இல்லை. கடைசியில் 1988இல், அமெரிக்காவின் கேள்விகளைத் தாங்க விரும்பாமல், ருமேனியாவே சலுகையைத் துறந்தது.

சீனா: ஒவ்வொரு ஜூன் மாதமும்

சீனாவுக்கு 1980இல் விலக்கின் கீழ் அந்தஸ்து கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்கா வந்த சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கிடம் அதிபர் கார்ட்டர் வெளியேறும் உரிமை பற்றிப் பேச்செடுத்தபோது, எத்தனை பேர் வேண்டும், ஒரு கோடிப் பேரா என்று டெங் கேட்டதாகக் கார்ட்டர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தக் கேள்வி சட்டத்தின் எல்லையைச் சரியாகத் தொட்டது. வெளியே விடுவதில் சீனாவுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் உள்ளே இருந்தது.

1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில், மாணவர் போராட்டத்தை ஒடுக்கத் தியனன்மென் சதுக்கத்தைச் சுற்றி நடந்த படுகொலைக்குப் பிறகு, சட்டத்தின் ஆண்டுக் கெடு புதுப் பொருள் பெற்றது. அதிபர் விலக்கைப் புதுப்பிக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 3. படுகொலையின் நினைவு நாள் மறுநாள். நாட்காட்டியின் இந்த நெருக்கம் தற்செயலானது. ஆனால் அதனால் ஒவ்வோர் ஆண்டும் சீனாவின் வணிக அந்தஸ்தும் அந்த மாணவர்களின் நினைவும் ஒரே வாரத்தில் ஒரே அவையில் பேசப்பட்டன. வெளியேறும் உரிமையோடு அரசியல் கைதிகளின் விடுதலை போன்ற நிபந்தனைகளையும் சேர்க்கும் மசோதாக்களை காங்கிரஸ் நிறைவேற்றியது; 1992இல் மட்டும் அதிபர் புஷ் இருமுறை அவற்றை வீட்டோ செய்தார். இருமுறையும் அதை முறியடிக்கத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு செனட்டில் கிடைக்கவில்லை.

அடுத்து வந்த கிளின்டன் 1993 மே மாதத்தில் தாமே நிபந்தனைகளை ஆணையாக வெளியிட்டார். வெளியேறும் உரிமையும், சிறைக்கைதிகளின் உழைப்பில் உருவான பொருட்களை அனுப்பாமையும் கட்டாயம். மேலும் அரசியல் கைதிகள், சிறை நிலைமை, திபெத்தின் பண்பாட்டு மரபு, வெளிநாட்டு ஒலிபரப்பு ஆகியவற்றில் 'ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' வேண்டும். எண்ணக்கூடிய கேள்வி எண்ண முடியாத கேள்வியாக மாறியது இங்கேதான். சில விடுதலைகள் நடந்தன: தியனன்மென் வழக்கில் தண்டனை பெற்றிருந்த வாங் சுன்டாவோவும் சென் சிமிங்கும் கெடு நெருங்கிய 1994 ஏப்ரல், மே மாதங்களில் மருத்துவக் காரணம் காட்டி வெளியே விடப்பட்டார்கள். ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பெய்ஜிங் சென்ற நேரத்தில் வேறு பலர் பிடித்துவைக்கப்பட்டார்கள். மிரட்டலை அமெரிக்கா நிறைவேற்றாது என்று சீனத் தலைமை கணித்திருந்தது. அந்தக் கணிப்பு சரியாகவும் இருந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பொருட்களின் மதிப்பு 1989இல் ஏறத்தாழ 1,200 கோடி டாலர். 1994இல் ஏறத்தாழ 3,900 கோடி டாலர். பொம்மை இறக்குமதியாளர் முதல் விமான ஏற்றுமதியாளர் வரை எல்லாரும் அந்தஸ்து தொடர வேண்டும் என்று கேட்டார்கள். 1994 மே 26 அன்று கிளின்டன் மனித உரிமையையும் வணிக அந்தஸ்தையும் பிரித்துவிடுவதாக அறிவித்தார்.

2000இல் காங்கிரஸ் சீனாவுக்கு நிரந்தர அந்தஸ்தை வழங்கியது. பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 237, எதிர்ப்பு 197. ஆண்டு விசாரணை முடிந்துபோனது. அந்தச் சடங்கால் பயனில்லை, எப்படியும் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட்டுத்தானே வந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் ஒருபோதும் நிறைவேறாத அந்த மிரட்டலுக்கும் எடை இருந்தது என்பதை 2016இல் அமெரிக்கப் பொருளியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியாகக் காட்டியது: வரி விகிதம் மாறாமலே, வரி உயரக்கூடும் என்ற ஐயம் நீங்கியதால் மட்டும், சீன இறக்குமதி பெருகியதையும் அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் குறைந்ததையும் அது எடுத்துக்காட்டியது. ஐயத்துக்கே அவ்வளவு விலை இருந்தது என்றால், அதை இன்னும் குறுகலான, இன்னும் தெளிவான கோரிக்கைக்காகப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

காங்கிரஸ் ஏன் நிரந்தரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு சட்டக் காரணமும் இருந்தது. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர இருந்தது. 2001 டிசம்பரில் சேர்ந்தது. உறுப்பினர்களுக்கு அந்தஸ்தை நிபந்தனையின்றி வழங்க வேண்டும் என்பது முதல் விதி அல்லவா? ஆண்டுதோறும் நிபந்தனையோடு புதுப்பித்தால், புது உறுப்பினரோடு இந்த விதிகள் தனக்குப் பொருந்தாது என்று அமெரிக்கா அறிவிக்க வேண்டியிருக்கும்; அப்படிச் செய்தால் அந்த நாடு திறந்துவிடும் சந்தையும் அமெரிக்க நிறுவனங்களுக்கு உறுதியாகக் கிடைக்காது. 2012இல் ரஷ்யா அந்த அமைப்பில் சேர்ந்தபோதும் இதே நெருக்கடியில்தான் ஜாக்சன்-வானிக் திருத்தம் ரஷ்யாவுக்கு நீக்கப்பட்டது.

கொடுத்ததைத் திரும்ப வாங்குவது

இதுவரை பார்த்தது, எல்லாருக்கும் உரிய இயல்பான வரியை மறுக்கும் முறை. இதற்கு மாறாக, இயல்புக்கு மேலான சலுகையை நிபந்தனையோடு கொடுப்பது இன்னொரு முறை. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் சலுகை வழங்க உலக வணிக விதிகள் இடம் தருகின்றன; ஜிஎஸ்பி எனப்படுவது அப்படிப்பட்ட சலுகைத் திட்டம்தான். ஐரோப்பிய ஒன்றியம் தன் சலுகைகளைப் பங்கிடும் முறை பாகுபாடானது என்று இந்தியா தொடுத்த வழக்கில் 2004இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, எந்த நாடும் நிறைவேற்றிப் பெறக்கூடிய பொது நிபந்தனைகளோடு 2005இல் ஜிஎஸ்பி பிளஸ் வடிவம் பெற்றது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி ஆகியவை பற்றிய 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது இதன் நிபந்தனை.

அதே டி-சர்ட்டை இங்கேயும் வைத்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஆடைகளுக்கு இயல்பான வரி 12 சதவீதம். சாதாரண ஜிஎஸ்பி சலுகையில் 9.6, ஜிஎஸ்பி பிளஸில் சுழியம். குடிசார் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, குழந்தை உரிமைகள் ஆகிய மூன்று உடன்படிக்கைகளை இலங்கை உரியபடி நடைமுறைப்படுத்தவில்லை என்ற முடிவின் பேரில், 2010 ஆகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. இலங்கை ஆடைக்கு மீண்டும் 9.6 சதவீத வரி. 2017 மே மாதத்தில் சலுகை திரும்பக் கிடைத்தது. 2021 ஜூனில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையை மீண்டும் நிறுத்துவது பற்றிப் பரிசீலிக்கும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

போரின் இறுதிக் கட்டத்தில் மக்கள் பட்ட துயரத்தை அறிந்தவர்கள், 9.6 சதவீதம் அதற்கு என்ன பதில் என்று கேட்பதில் நியாயம் உண்டு. கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும் பெண்ணும், அந்த வரியின் பாரம் ஏன் என் வேலையின்மேல் விழ வேண்டும் என்று கேட்பார். அதிலும் நியாயம் உண்டு. சலுகையைப் பறிக்கும்போது முதலில் அடிபடுபவர் உரிமையை மீறியவர் அல்லர் என்ற உண்மையை இந்தச் சட்டங்களை ஆதரிக்கும் நாம் மழுப்பக் கூடாது. நான் ஆதரிப்பதற்குக் காரணம், பறிப்பதற்கு முன்னால் கிடைக்கும் நேரம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் குழு வருகிறது, அறிக்கை கேட்கிறது, சிறையில் இருப்பவரின் பெயர் ஒரு வணிகக் கோப்பில் இடம்பெறுகிறது. வேறு எந்த வாசலும் திறக்காத குடும்பங்களுக்கு அது சிறிய சாளரம்.

நாட்டிலிருந்து நபருக்கு, நபரிலிருந்து பொருளுக்கு

முழு நாட்டையும் தண்டிப்பதன் சிக்கலுக்கு விடை தேடியதில் பிறந்தவைதான் அண்மைச் சட்டங்கள். 2009இல் மாஸ்கோ சிறையில் இறந்த வரி ஆலோசகர் செர்கேய் மக்னித்ஸ்கியின் பெயரால், அவருடைய மரணத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு விசா மறுத்துச் சொத்துகளை முடக்கும் சட்டம் 2012 டிசம்பரில் வந்தது. ரஷ்யாவுக்கு ஜாக்சன்-வானிக் திருத்தத்தை நீக்கியதும் இதைக் கொண்டுவந்ததும் ஒரே மசோதா. ஒரு கையால் நாட்டுக்கு வரிச்சலுகை, மறுகையால் நபர்களுக்குத் தடை. 2016இல் அது எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. உக்ரைன் படையெடுப்புக்குப் பிறகு 2022 ஏப்ரலில் ரஷ்யாவும் பெலாரூசும் மீண்டும் இரண்டாம் பத்திக்குத் தள்ளப்பட்டன. கியூபாவும் வட கொரியாவும் ஏற்கெனவே அங்கே இருந்தன.

2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி நகர்ந்து, நாட்டையும் நபரையும் விட்டுப் பொருளைப் பிடிக்கிறது. உய்குர் முஸ்லிம்கள் வாழும் சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் முழுதாகவோ பகுதியாகவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பால் ஆனது என்றே அது முன்கூட்டிக் கொள்கிறது. அப்படி இல்லை என்று நிறுவும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. ஷின்ஜியாங் பஞ்சு வேறொரு நாட்டில் நூலாகி, இன்னொரு நாட்டில் சட்டையாகி வந்தாலும் துறைமுகத்தில் நிறுத்தப்படலாம். மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்றிய இந்த ஏற்பாடு, இங்கே இதுவரை பார்த்த சட்டங்கள் எவற்றிலும் இல்லாத ஒன்று.

பழைய சட்டம் இதற்கிடையே செத்துப்போய்விடவில்லை. சோவியத் ஒன்றியம் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்தும், அதிலிருந்து பிரிந்த கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், அஜர்பைஜான், துர்க்மெனிஸ்தான் ஆகிய நாடுகள் 402ஆம் பிரிவின் கீழ்ப் பல ஆண்டுகளாக நீடித்து வந்திருக்கின்றன. இவற்றில் முதல் நான்கும் வெளியேறும் உரிமையை மதிப்பதாக அமெரிக்க அரசே சான்றளித்து வந்தது. அவற்றைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. துர்க்மெனிஸ்தான் அப்படியல்ல. அங்கே பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் கையில் இருந்தும் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுபவர்கள் இருக்கிறார்கள். 1972இல் ஓவிர் அலுவலக வாசலில் நின்றவர்களுக்காக எழுதப்பட்ட சொற்கள் இன்று அச்சுப்பிசகாமல் அவர்களுக்கே பொருந்தும். அந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் அதிபரின் விலக்கு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. சீனாவுக்காக நடந்தது போன்ற பெரிய விவாதம் எதுவும் அதற்காக எழவில்லை.